வண்டிக்கு நலங்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் "டர்ர்ர்" என்று சத்தம் கேட்டால், நான் பரம சந்தோஷத்தில் இருக்கிறேன் என்று தெருவுக்கே தெரியும்.

ஒரகடத்தில் வண்டி வைத்திருப்பவனிடம் தூசியைப் பற்றிக் கேளுங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் பத்து நிமிஷம் போனால் போதும், பானெட்டில் விரலால் பெயர் எழுதலாம். என் க்விட் கார் இதே ஒரகடத்து ஆலையில் பிறந்தது. பிறந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் என்னோடு வேலைக்கு வருகிறது. திங்கட்கிழமை வெள்ளையாகக் கிளம்பும் வண்டி வெள்ளிக்கிழமை சிமென்ட் மூட்டை நிறத்தில் நிற்கும்.

முன்பெல்லாம் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன். தேய்த்து முடித்து வெயிலில் பார்த்தால் பெயின்ட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். ஒட்டியிருப்பது கல் தூள். அதன்மேல் துணியை வைத்துத் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே மூன்று வருஷமாயிற்று.

பிறகுதான் பிரஷர் வாஷர் வாங்கினேன். 1400 வாட், 110 பார் அழுத்தம். கடைக்காரர் "பார் ஜாஸ்தியா எடுங்க சார்" என்று 150-க்கு இழுத்தார். நான் மசியவில்லை. காருக்கு 100 சொச்சம் தாராளம். பார்க்க வேண்டியது வேறு. டிரம்மிலிருந்து தானே தண்ணீரை உறிஞ்சுமா? லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இது முக்கியம். விசையை விட்டதும் மோட்டார் நிற்குமா? குழாய் எத்தனை மீட்டர்? குட்டைக் குழாய் என்றால் மெஷினை ஆட்டுக்குட்டி மாதிரி வண்டியைச் சுற்றி இழுத்துக்கொண்டே அலைய வேண்டும்.

முதல் நாள் ஒரு கூத்து. சிவப்பு முனையை மாட்டி, பழைய ஸ்கூட்டர் மட்கார்டில் பரிசோதனை செய்தேன். ஊசி மாதிரிப் பாய்ந்தது; ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்டைக் காணோம். நல்லவேளை, காரில் அடிக்கவில்லை. இப்போது வெள்ளை முனைதான். 40 டிகிரியில் விசிறியாக விரியும். ஒன்றரை அடி தள்ளி நின்று அடிப்பேன்.

முதலில் சக்கரத்தின் உள்வளைவு. ஐயோ, அந்தக் காட்சி! கீழிருந்து மேலே சாய்த்து அடித்தால் மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த சேறு அடை அடையாகப் பெயர்ந்து விழும். காபி குடிக்கக்கூட மறந்து நிற்பேன். அப்புறம் நுரைத் துப்பாக்கியில் கார் ஷாம்பு. கூரையிலிருந்து வழுவழுவென்று நுரை இறங்கும்போது அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, வண்டிக்கு நலங்கு வைக்கிறியா?" என்பாள். ஐந்து நிமிஷம் ஊற வேண்டும், காயக் கூடாது. கை படாமலே கல் தூள் நுரையோடு வழிந்து போவதில்தான் இருக்கிறது மாயம். அதன்பிறகே துணிக்கு வேலை.

தண்ணீர் வீணாகும் என்று பயந்தேன். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர்தான். விசையை அழுத்துவது மொத்தமே பத்து நிமிஷம். சாதாரண ஹோஸில் இவ்வளவு தண்ணீர் நாலு நிமிஷத்துக்குக்கூடக் காணாது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அப்படியே காயவிட்டால் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் மொட்டை மாடியிலிருந்து தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். நிழலில் நிறுத்தி மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால், வாசல் வேப்பமரம் கிளையோடு கதவில் தெரியும்!

மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டாம், சூடேறிவிடும். பவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். முடிந்ததும் மெஷினை அணைத்து, குழாயை மூடி, விசையை ஒருமுறை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.

மெஷினைச் சுருட்டும் நேரத்துக்குச் சரியாக, நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் எதிர்வீட்டுத் தம்பி புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்துவான். "அண்ணே, அஞ்சே நிமிஷம்."

"செயின்லயும் சுவிட்ச்லயும் அடிக்காதடா" என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியை நானே எடுத்துக்கொள்வேன். அவன் கையில் கொடுக்க மனசு வருமா?