கல்லாவுக்குக் கோடி; கட்டிலுக்கு?

1937 அக்டோபர் முதல் நாள், நாமக்கல்லும் உள்ளடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு பிறந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் மது திரும்பியது; வரியோ விடைபெறவில்லை! 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். 2023-24இல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்!

குடியை ஒழுக்கக்கேடு என்று ஏசிப் பயனென்ன? அது நோய். நாளும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும்; இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றவும் கூடும். பேயென்று அஞ்சிப் பூசாரியைத் தேடுகிறது குடும்பம். அவனுக்கு வேண்டியது வேப்பிலையா, மருத்துவமனைக் கட்டிலா?

மது வருவாயில் ஒரு பங்கை மீட்புச் சிகிச்சைக்கும் மனநலத்துக்கும் சட்டத்தாலேயே ஒதுக்கிட வேண்டும் என்கிறோம். விற்ற கை மருந்திடட்டும்! நாம் கேட்பது பிச்சையன்று. குடிகாரன் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த காசில் ஒரு பகுதி!