பிழைக்கிற சாஸ்திரம்

செத்தவர்களிடமிருந்து தப்பிப் பிழைப்பது எப்படி என்று ஒரு சாஸ்திரமே இப்போது உருவாகியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆடும் ஜாம்பி விளையாட்டுகளில் தேர்ந்தவர்கள், புதிதாக நுழைகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் புத்திமதிகள்தாம் அவை. விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மனிதன் எதைக் கண்டு பயப்படுகிறான், பயந்தபின் என்ன செய்கிறான் என்ற இரண்டும் கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய விஷயங்கள். இந்தப் புத்திமதிகளில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே, ஒரு நாவலை விமரிசிப்பதுபோல் இவற்றையும் விமரிசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நான் எடுத்துக்கொண்டது ‘ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட்’ என்ற விளையாட்டை. ‘இண்டி ஸ்டோன்’ என்ற சிறு குழுவினர் இங்கிலாந்தில் தொடங்கியது. 2013 முதல் ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில் விற்பனையாகிறது. தனியாகவும் ஆடலாம், இணையத்தின் வழியே பலர் சேர்ந்தும் ஆடலாம். கதை நடக்கும் வருஷம் 1993. இடம், அமெரிக்காவில் கென்டக்கி. ஒரு தொற்றுநோய் வந்து, ஊரார் எல்லாரும் செத்து, எழுந்து, பசியோடு அலைகிறார்கள். மிஞ்சியவன் நீங்கள். கையில் ஒன்றும் இல்லை.

முதல் புத்திமதி தண்ணீரைப் பற்றியது. சில நாட்களில் மின்சாரம் நின்றுபோகும், குழாயும் நின்றுபோகும். அதற்குள் தொட்டி, பானை, பாட்டில் என்று அகப்பட்டதையெல்லாம் நிரப்பி வைத்துக்கொள் என்கிறார்கள். இதைக் கேட்டால் எங்கள் திண்டுக்கல்லில் பெண்கள் சிரிப்பார்கள். ஆத்தூர் காமராசர் அணையில் நீர் இறங்கினால், ஊருக்குள் குழாய்த் தண்ணீர் வரும் நாளும் தள்ளிப்போகும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அண்டா, தவலை, பிளாஸ்டிக் குடம் என்று வீடு முழுக்க நிரப்பி வைப்பதற்கு யாரும் செத்து எழுந்துவர வேண்டியதில்லை. கென்டக்கிக்காரனுக்கு உலகம் அழிந்த பிறகு உதிக்கிற ஞானம், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு விடியற்காலை நாலு மணிக்கே உதித்துவிடுகிறது.

இரண்டாவது, ஓடாதே, குனிந்து மெல்ல நட. ஓடினால் களைப்பு வரும், களைத்தவன் அடிக்கிற அடியில் வலு இராது. துப்பாக்கி கிடைத்துவிட்டதே என்று சுடாதே. ஒரு வெடிச் சத்தத்துக்கு வட்டாரமே திரண்டு வரும். ஜன்னலை உடைத்து உள்ளே போகிறாயா? சட்டத்தில் மிச்சமிருக்கிற கண்ணாடிச் சில்லை அகற்றிவிட்டுப் பிறகு காலை வை. உள்ளே போனதும் திரையை இழுத்து மூடு. இவை நல்ல புத்திமதிகள். வீரம் பேசுகிறவனை ஒதுக்கிவிட்டு ஜாக்கிரதைக்காரனைக் கதாநாயகனாக்குகிற கதை எதுவாயினும் அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் ஊரார் என்னை மன்னிக்கமாட்டார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இந்த விளையாட்டில் பூட்டுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. கூட்டம் கதவையே இடித்து உடைத்துவிடுகிறது. பூட்டு என்பது யோசிக்கிற திருடனுக்காகச் செய்யப்பட்டது. யோசிக்காத கூட்டத்தை அது என்ன செய்யும்? வேடிக்கை என்னவென்றால், விளையாட்டை உருவாக்கியவர்கள் வீட்டிலேயே 2011இல் திருடர்கள் புகுந்து, செய்த வேலையெல்லாம் அடங்கிய இரண்டு மடிக்கணினிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களுக்கு அன்றைக்கு எங்கள் பூட்டு ஒன்று பயன்பட்டிருக்கலாம்.

மூன்றாவது புத்திமதி என் தொழிலைச் சேர்ந்தது: புத்தகம் கண்டால் விடாதே. தச்சு, சமையல், விவசாயம் எல்லாவற்றுக்கும் அதில் புத்தகம் உண்டு. படித்தவனுக்குத் தொழில் சீக்கிரம் படியும். சும்மா அடைந்து கிடக்கும்போது மனச் சோர்வு பிடித்தால், அதைத் தீர்க்கவும் வாசிப்பு உதவுகிறது. நாட்டில் நாவலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற இடம் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இவ்வளவும் பிழைக்கிற வழி. ஆனால் இந்த விளையாட்டின் உயர்வு வேறிடத்தில் இருக்கிறது. இதில் ஜெயிப்பது என்பதே கிடையாது. நீ செத்த கதை இது என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். கீறல் பட்டால் தப்பலாம். கடிபட்டால் மருந்து இல்லை. எத்தனை குடம் நிரப்பினாலும் முடிவு ஒன்றுதான். எத்தனை நாள், எப்படி என்பது மட்டுமே உன் கையில். அது மட்டுமல்ல. செத்தபிறகு அதே ஊரில் வேறோர் ஆளாக மறுபடி தொடங்கலாம். அப்போது எதிரே தள்ளாடி வருகிற கூட்டத்தில், நேற்று நீயாக இருந்தவன் உன் பையைச் சுமந்துகொண்டு வருவான். ஒரு பெரிய எழுத்தாளன் பொறாமைப்படக்கூடிய கற்பனை இது. தயங்காமல் பாராட்டுகிறேன்.

குறை எங்கே என்றால், அந்தச் செத்தவர்களிடம். அவர்களுக்குப் பேச்சு இல்லை. நம்முடைய பேய்கள் அப்படியல்ல. வேதாளம் முதுகில் தொங்கிக்கொண்டு தர்மசங்கடமான கேள்வி கேட்கிறது. பழையனூர் நீலி தன் கொலைக்கு நியாயம் கேட்டு வருகிறாள். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியிடம் பசியைச் சொல்லி முறையிடுகின்றன. நம் பேய்க்கு ஒரு வழக்கு உண்டு. ஆகையால் நமக்கு அதனிடம் பயமும் உண்டு, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் உண்டு. ஜாம்பிக்கும் ஒரு காலத்தில் வழக்கு இருந்தது. அது ஹைட்டித் தீவு அடிமைகளின் பயத்தில் பிறந்தது: செத்தும் எஜமானனுக்கு உழைக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். 1968இல் வந்த ஜார்ஜ் ரோமெரோவின் படத்துக்குப் பிறகு அது மாமிசம் தின்கிற கூட்டமாகிவிட்டது. அடிமையின் துக்கம் உதிர்ந்து, பசி மட்டும் மிஞ்சியது. தமிழிலும் 2016இல் ‘மிருதன்’ வந்தது. அதில் கதாநாயகனே கடைசியில் மிருதனாகிவிடுவதால் ஒரு கணமாவது நெஞ்சு உறுத்துகிறது. இந்த விளையாட்டிலோ எதிரே வருகிறவன் யாருடைய தகப்பன், யாருடைய பிள்ளை என்று கேட்க இடமே இல்லை.

அதனால் என்ன, கற்பனைதானே என்று கேட்கலாம். தொற்று வந்த ஊரை நாமே பார்த்தவர்கள் ஆயிற்றே. 2020 ஏப்ரலில், சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்யப் போனார்கள். நோய் பரவும் என்று பயந்த கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. அந்தக் கூட்டத்தில் ஒருவரும் செத்தவர் இல்லை. எல்லாரும் குடம் நிரப்பி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஜாக்கிரதையாகப் பிழைக்கத் தெரிந்தவர்கள்தாம். அன்றிரவு, கூட வேலை பார்த்த இன்னொரு டாக்டர் திரும்பிப் போய், தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். பிழைக்கிற சாஸ்திரத்தின்படி அவர் செய்தது பிசகு. ஆனால் அந்த இரவை நினைத்தால் நம்மைத் தலைகுனியாமல் வைத்திருப்பது அவர் ஒருவர்தாம்.

விளையாட்டிலும் மண்வெட்டி உண்டு. குழி வெட்டலாம், பிணத்தை உள்ளே இறக்கி மண் தள்ளலாம். தேர்ந்தவர்கள் அதையும் சிபாரிசு செய்கிறார்கள். காரணம், வீட்டருகே பிணங்கள் குவிந்து கிடந்தால் உனக்கு நோய் வரும் என்பது. சுகாதாரம் என்ற அளவில் சரி. ஆனால் மனித ஜாதி குழி வெட்டக் கற்றது சுகாதாரத்துக்காக மட்டுந்தானா?

புதிதாக ஆடப்போகிற பிள்ளைகளை ஆடவேண்டாம் என்று நான் தடுக்கப்போவதில்லை. தண்ணீர் பிடித்து வைக்கட்டும், மெல்ல நடக்கட்டும், புத்தகம் படிக்கட்டும். அந்தப் பட்டியலில் என் பங்குக்கு ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். நேற்றைய உன்னை எதிரே கண்டால், முதலில் பையைக் கழற்றிக்கொள். தப்பில்லை, உன் பைதான். பிறகு ஊர் எல்லையில் நாலு மண்வெட்டி மண் தோண்டி அவனைப் புதைத்துவிட்டுப் போ. அதற்கு விளையாட்டில் புள்ளி எதுவும் கிடைக்காது.