சுஜாதாவின் எதிர்காலவியல்: ஓர் எல்லைப்புற வாசிப்பு

சுஜாதா (1935–2008) ‘வருங்காலத்தை முன்னரே சொன்னவர்’ என்றே பெரிதும் போற்றப்படுகிறார். அவர் எழுதியவற்றுள் எது பலித்தது, எது பொய்த்தது எனக் கணக்கிடும் இம்முறை சோதிடத்திற்குப் பொருந்தலாம், திறனாய்விற்குப் பொருந்தாது. கருவி எத்தகையது என்பதைவிட, அது யாருடைய ஆணைக்கு உட்பட்டது என்பதே அவரது புனைவின் வினா என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளராக மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர் அவர். இந்தியாவில் அவ்வகை இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது கேரளத்தில்தான். 1982இல் பறவூர்த் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் அது வைக்கப்பட்டது. 1984இல் உச்சநீதிமன்றம், அதற்குச் சட்டத்தில் இடமில்லை எனக் கூறி, அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. கருவி முந்திவர, சட்டம் பிந்தி வந்த அந்த இடைவெளியே சுஜாதாவின் புனைவுக்களம் எனலாம்.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். மக்கள் வணங்கும் ஆட்சியாளன் ஜீவா வெறும் ஒளியுருவே என்பது பின்னர்த் தெரியவருகிறது. வாசகர் பலரும் ஜீனோ என்னும் இயந்திர நாயின் குறும்பையே நினைவில் வைத்துள்ளனர் (அதில் குற்றமில்லை, ஜீனோ அத்துணை இனியது). எனினும் திரையில் தோன்றும் உருவம் ஆளையே ஈடுசெய்துவிடும் என்னும் கருத்து, பொய்யுருக் காணொளிகள் பெருகிய இந்நாளில் நாயைவிடக் கூர்மையாக உறுத்துகிறது. இணையத்தை அவர் எட்டநின்று மட்டும் நோக்கவில்லை. ‘அம்பலம்’ இணைய இதழின் ஆசிரியராகவும் விளங்கினார்.

ஒரு குறையையும் சுட்டவேண்டும். அந்நாவலில் ஆட்சி நாடு முழுமைக்கும் உரியது. ஆயினும் மனிதரும் இயந்திரமும் தமிழிலேயே தடையின்றி உரையாடுகின்றனர். சென்னையிலிருந்து வாசிப்போர்க்கு இது தோன்றாமலே போகலாம். பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், மறையூர்ப் பகுதிகளிலும் வாழும் தமிழர்க்கு அப்படியன்று. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், கணினித் திரையில் ஆங்கிலம் என்பதே இங்குள்ள நடைமுறை. மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) ஏற்றுள்ளது. அவ்வுரிமை தாளுக்கு இருப்பதுபோல் திரைக்கும் கிட்டுமா?

இந்நாவலைப் பாடம் நடத்துகையில், தேயிலைத் தோட்டக் குடும்பத்து மாணவி ஒருத்தி, “நிலா அனுமதிக்கு எந்த மொழியில் விண்ணப்பித்தாள், ஐயா?” எனக் கேட்டாள். நூலைப் புரட்டிப் பார்த்தேன். அவ்வினாவிற்கு அதில் இடமே இல்லை.