யார் அழுகுணி? – ‘ஸ்க்ரப்’ என்ற சொல் பற்றி

சண்டை விளையாட்டுக்காரர்கள் பேச்சில் ‘ஸ்க்ரப்’ என்றால் ஆடத் தெரியாதவன் என்று மட்டும் அர்த்தமில்லை. விளையாட்டில் இல்லாத விதிகளைத் தானே உண்டாக்கிக்கொண்டு, எதிராளியும் அதன்படி ஆடணும்னு எதிர்பார்ப்பவன். இந்தப் பொருள் பரவியதில் டேவிட் சர்லினின் ‘பிளேயிங் டு வின்’ நூலுக்குப் பெரிய பங்குண்டு. சர்லின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டிகளில் ஆடியவர், விளையாட்டு வடிவமைப்பாளரும்கூட. அவர் வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடு. மீதியில்தான் சிக்கல்.

அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ‘த்ரோ’. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-வில் (1991) ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் அடிகளைத் தடுக்கலாம். ஆனால் கிட்டே வந்து பிடித்துத் தூக்கி எறிந்தால் தடுப்பு செல்லாது. சின்ன அடி ஒன்றைத் தடுக்கவைத்து, உடனே எறிவதற்கு ‘டிக் த்ரோ’ன்னு பேர். தோற்றவன் ‘இது சீப்’ என்று கத்துவான். சர்லின் தரப்பு எளிமையானது: த்ரோவே கூடாதென்றால் தடுத்தபடியே உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது? பதிலடி விளையாட்டுக்குள்ளேயே இருக்கும்போது அதைக் கற்காமல் எதற்குப் புலம்பல்? நியாயம்தான். ‘சீப்’ என்று சொன்ன கணத்திலேயே பலர் கற்றுக்கொள்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் ‘சீப்’ என்பது ஆட்டத்தைப் பற்றிய புகார். அதற்கு ‘நீ ஸ்க்ரப்’ என்று பதில் வரும்போது பேச்சு ஆட்டத்தை விட்டு ஆளைப் பற்றியதாகிவிடுகிறது. நம்மிடம் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது வேடிக்கை. தோற்றால் அழுபவனும் அழுகுணி, முறைகேடாக ஆடுவதும் அழுகுணி ஆட்டம். யார் அழுகுணி என்று சண்டை போட்டுத்தான் தீர்க்கணும். ‘ஸ்க்ரப்’ அந்தச் சண்டைக்கே இடம் தருவதில்லை. புகார் சொன்னவன் எப்போதும் தோற்றவன்தான்.

புகார் எப்போதுமே வெறும் புலம்பலா? 1994-இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில், எறியப்படும்போது சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தினால் சேதத்தைக் குறைத்துக்கொண்டு காலூன்றி இறங்க வழி வந்தது. முந்தைய பதிப்பில் ‘சீப்’ என்று திட்டு வாங்கியதற்கு அடுத்த பதிப்பில் ஒரு கடிவாளம். விதி என்பது மாறிக்கொண்டிருப்பது. இது சர்லினுக்கும் தெரியும். 2008-இல் அதே விளையாட்டின் ‘ஹெச்டி ரீமிக்ஸ்’ பதிப்பில் பாத்திரங்களின் பலத்தைத் திருத்தியமைத்தவரே அவர்தான்.

அதைவிட முக்கியமான சாட்சி அவர் நூலிலேயே இருக்கிறது. எதைத் தடைசெய்யலாம் என்று பேசும் பகுதியில், அமெரிக்கப் போட்டிகளில் அகுமா வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டதைச் சொல்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: சூப்பர் டர்போவில் பழைய பதிப்பின் சாகட்டையும் தேர்ந்தெடுக்க முடியும், ஜப்பானின் முன்னணி ஆட்டக்காரர்களோ பேசாமல் பேசிவைத்த மாதிரி அவனைத் தவிர்த்தார்கள். எழுதிய விதி கிடையாது. இயந்திரமும் தடுக்கவில்லை. இலக்கணப்படி பார்த்தால் இதுவும் ‘ஸ்க்ரப்’ வேலைதானே? ஆனால் சர்லின் அவர்களை அப்படிச் சொல்லவில்லை, புரிந்துகொள்ளக்கூடிய ஏற்பாடாகவே பார்க்கிறார். அப்படியென்றால் சிக்கல் எழுதாத விதி வைத்திருப்பதில் இல்லை. அதை யார் வைத்திருக்கிறார்கள் என்பதில். ஜெயிப்பவன் வைத்தால் மரபு, தோற்பவன் வைத்தால் சாக்கு.

ஜப்பானிய ஆர்கேடுகளில் புழங்கிய ‘மாச்சி கைல்’ என்ற சொல் எனக்கு இதனால்தான் பிடிக்கும். ‘காத்திருக்கும் கைல்’ என்று பொருள். குனிந்து காத்திருந்தபடியே சோனிக் பூம் வீசிக்கொண்டிருப்பான். தாண்டிக் குதித்தால் எட்டி உதைப்பான். எரிச்சலூட்டும் ஆட்டம், சொல்லிலும் அந்த எரிச்சல் இருக்கிறது. ஆனால் அது பெயர் வைப்பது ஒரு ஆட்டமுறைக்கு. அது சரியா தப்பா, எப்படி உடைப்பது என்று அப்புறமும் பேசிக்கொண்டே இருக்கலாம்.

புதிதாக ஆட வருபவர்களுக்கு ‘ஸ்க்ரப்’ பகுதியை மட்டும் அனுப்புவது இந்த வட்டாரத்தில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. தடை பற்றிய பகுதியையும் சேர்த்தே அனுப்புங்கள். முதலாவது வாயை மூடச் சொல்கிறது, இரண்டாவது எப்போது திறக்கலாம் என்று சொல்கிறது.