ஸ்டார் அபார்ட்மென்ட்ஸ்: திறப்பு விழாப் படத்துக்குப் பிறகு

லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்கிட் ரோ பகுதியில் உள்ள ஸ்டார் அபார்ட்மென்ட்ஸ் பற்றித்தான் போன வாரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் வாழ்ந்தவர்களுக்காகக் கட்டிய 102 வீடுகள். வடிவமைத்தவர் மைக்கேல் மால்ட்சன். நேரில் பார்த்ததில்லை, வரைபடம், படங்கள், செய்திகள், அவ்வளவுதான் என் கையிருப்பு.

முதலில் பாராட்டிவிடுகிறேன். அங்கே ஏற்கெனவே இருந்த தரைத்தளக் கடைக் கட்டடத்தை இடிக்காமல், அதன் மேல் கான்கிரீட் மேடை போட்டு, தொழிற்சாலையில் செய்த வீடுகளை கிரேனால் தூக்கி அடுக்கியிருக்கிறார்கள். கீழே மாவட்ட சுகாதாரத் துறை. அதற்கு மேல் தளம் பொது இடம்: சமையலறை, தோட்டம், ஓடுவதற்கு ஒரு பாதை. அதற்கும் மேலேதான் வீடுகள். ஒவ்வொன்றிலும் தனிக் குளியலறை, சின்னச் சமையல் மேடை. பல வருஷம் நடைபாதையில் படுத்தவருக்கு, தெருவிலிருந்து தன் கதவு வரைக்கும் இப்படிப் படிப்படியாக ஒதுங்க முடிவது சாதாரண விஷயமில்லை. பொதுத் தளத்தைப் பார்த்ததும் திண்ணை என்று எழுதத் தோன்றியது. ஆனால் திண்ணை தெருவோடு பேசும். இது தெருவுக்கு மேலே விலகி நிற்கிறது. அங்கே அந்த விலகல் தேவைதான்.

என் புகார் வேறு. இந்தக் கட்டடத்தைக் கொண்டாடிய விமர்சனங்களில் பெரும்பாலானவை திறந்த புதிதில் எழுதியவை. 1989-இல் தொடங்கிய ஸ்கிட் ரோ ஹவுசிங் டிரஸ்ட்தான் அப்போது இதன் உரிமையாளராக இருந்தது. 2023-இல் அது பணமில்லாமல் கைவிரித்தது. அதன் 29 கட்டடங்களையும் நீதிமன்றம் ஒரு ரிசீவரிடம் ஒப்படைத்தது. ஓடாத லிஃப்ட், அடைத்த குழாய், ஆளில்லாத காவல் மேசை என்று அந்தக் கட்டடங்களைப் பற்றிச் செய்திகள் வந்தன.

எப்படி இப்படி ஆச்சு? கட்டுகிற பணம் ஒரு பையில், நடத்துகிற பணம் இன்னொரு பையில். கட்டுவதற்கு வரிச்சலுகை வழியாக முதலீடு வரும். கட்டி முடித்த பிறகு வாடகைதான் வருமானம். குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் தருவார், மீதி அரசு மானியம். அறை காலியானால் அதுவும் நிற்கும்.

உடனே "ஏழைக்கு எதுக்கு இவ்வளவு அழகு?" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சேரவில்லை. அந்த டிரஸ்டின் பழைய ஓட்டல் கட்டடங்களில், குளியலறையைப் பகிர வேண்டிய அறைகள்தான் ஆள் வராமல் காலியாகக் கிடந்தன. தனிக் குளியலறை ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மால்ட்சனையும் குறை சொல்ல மாட்டேன். குறை எங்களைப் போல் எழுதுகிறவர்களிடம். வரைபடத்தில் லிஃப்ட் என்பது குறுக்குக் கோடு போட்ட ஒரு சின்னக் கட்டம். நானும் அதைத் தாண்டி நேரே தோட்டத்துக்குத்தான் போனேன்.