சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் வீட்டு ஜெட் பம்ப் தண்ணீர் எடுக்காவிட்டால் பழி முதலில் சீல் மேல்தான் விழும். மெக்கானிக் கேசிங்கைக் கழற்றிப் புது சீல் போடுவார், தண்ணீரும் வரும். கொஞ்ச நாளில் மறுபடி அதே வேலை. இந்த வைத்தியம் சரிதானா?

காற்றழுத்தத்தை நம்பித் தண்ணீரை உறிஞ்சி ஏற்ற முடிவது கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். மட்டம் அதற்கும் கீழே போன போரில் ஜெட் கைகொடுக்கிறது. மேலிருக்கும் பம்ப் ஒரு குழாய் வழியே தண்ணீரைத் திருப்பி உள்ளே அனுப்பும். அது நாசிலில் பீச்சியடிக்கும் வேகத்தில் போர்த் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு மறு குழாயில் ஏறும். கரண்ட் கூடுதலாகத்தான் இழுக்கும். ஆனால் சுழலும் பாகம் எதுவும் போருக்குள் இல்லை; சீல் வேலைக்குக் குழாயை உருவ வேண்டியதில்லை. சப்மெர்சிபிளுக்கு அந்த வசதி கிடையாது.

சீல் என்பது ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும். ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடிக்கிறது. நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றுக்குக் குளிர்ச்சி. சீல் போனால் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டும்; கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சு குழாயின் இணைப்பு விட்டால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சொட்டாத பம்பில் சீல் மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. இணைப்புகளில் சோப்புநுரை தடவி ஓட்டினால் நுரை எங்கே உள்ளிழுபடுகிறதோ அங்கே ஓட்டை.

கரிசலில் இணைப்பு விடுவதற்கு மண்ணே ஒரு காரணம். ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் கைநுழையும் அளவு வெடிக்கும் மண் இது. அதன்மேல் போட்ட சின்ன சிமென்ட் மேடை பம்போடு சேர்ந்து அசையும். போர்க் குழாய் அசையாது. இழுபடுவது நடுவிலுள்ள மரைதான். எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் மேடை அசையும்வரை அது தாங்காது. இறுகலான இரும்புக் குழாய்க்குப் பதில், உறிஞ்சலில் சப்பிப்போகாத கம்பிச்சுருள் ஹோஸ் ஒரு துண்டு நடுவே வைப்பது புத்திசாலித்தனம்.

உண்மையிலேயே சீல் போயிருந்தால் இரண்டு பாதியையும் மாற்ற வேண்டும். பழைய செராமிக்கில் விழுந்த கோடு புதுக் கார்பனை அரைத்துவிடும். செராமிக்கை ரப்பர் கிண்ணத்தோடு சோப்புத்தண்ணீர் தொட்டு, மேலே அட்டை வைத்துக் கைவிரலால் அழுத்தினால் போதும். சுத்தியலுக்கு அங்கே வேலையில்லை. ஷெல்லாக் கேஸ்கட்டோடு நிற்கட்டும், உரசும் முகத்தில் படக்கூடாது. பூட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றாமல் ‘சும்மா ஒரு நிமிஷம்’ ஓட்டிப் பார்க்கும் பழக்கம்தான் படுமோசம்; புது சீல் அங்கேயே கருகும்.

ஊற்றுக் குறைந்த போரில் தினமும் நடப்பதும் அந்தக் கருகல்தான். ஆகவே என் தீர்ப்பில் முதல் செலவு தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை-ரன் கருவிக்கு, இரண்டாவது மேடைக்கும் இணைப்புக்கும், மூன்றாவதுதான் சீலுக்கு. அடுத்தமுறை மெக்கானிக்கிடம் பழைய சீலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கார்பன் கருகி, செராமிக் கீறல்விட்டிருந்தால் புது சீலோடு அந்தக் கருவியையும் சேர்த்தே வாங்குங்கள்.