பாதி வீடும் மீதிச் செலவும்

சிலி நாட்டின் வடபகுதியில், அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் ஓரத்தில் இக்கிக்கே நகரம் இருக்கிறது. அதன் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தை ஆக்கிரமித்து, முப்பது ஆண்டுகளாகச் சுமார் நூறு குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. அவர்களுக்கு அதே இடத்தில் வீடு கட்டும் பொறுப்பு, கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவெனாவின் எலிமென்டல் குழுவிடம் வந்தது. குடும்பத்துக்கு அரசு மானியம் 7,500 டாலர். நிலம், குடிநீர், சாக்கடை, வீடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மானிய வீட்டுத் திட்டங்கள் வழக்கமாகத் தாங்கும் விலையைப்போல் மூன்று மடங்கு விலை அந்த நிலத்துக்கு. மிஞ்சிய பணத்தில் முழு வீடு எழும்பாது என்பதால் பாதி வீடு எழும்பியது. 2004இல் முடிந்த கின்டா மொன்ரோய் குடியிருப்பில் சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பக்கத்து வீட்டோடு பகிரும் தடுப்புச் சுவர், கூரை ஆகியவை கட்டித் தரப்பட்டன. பரப்பு 36 சதுர மீட்டர், அதாவது 390 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு வீட்டை ஒட்டியும் ஒரு வெற்றிடம் விடப்பட்டது. குடும்பம் தன் காசில் அதை அடைத்துக்கொண்டால் வீடு ஏறத்தாழ இரு மடங்காகும்.

2016இல் அராவெனாவுக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்ததும், அதே ஆண்டு வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியை அவரே வடிவமைத்து நடத்தியதும் இந்த வெற்றிடத்தை உலகப் புகழுக்குக் கொண்டுசென்றன. பாராட்டில் நியாயம் உண்டு. பிழைப்பும் பள்ளியும் இருக்கும் நகர நடுவிலிருந்து ஏழைகளை ஊர்ப்புறத்துக்குத் துரத்தாமல் இருந்ததே பெரிய காரியம். குடும்பங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். வீட்டுக் கடனும் யார் தலையிலும் ஏறவில்லை. கட்டுவதற்குக் கடினமான பாகங்களை முதலில் கட்டிவிடுவது என்ற தேர்வும் சரியானதே.

புதுமை என்ற பாராட்டு மட்டும் பொருந்தாது. 1970களின் கடைசியில் உலக வங்கிக் கடனில் சென்னை அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் மனையும் அடிப்படை வசதியும் தந்து, வீட்டை மக்களே வளர்த்துக்கொள்ள விட்டார்கள். கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி இந்தூரில் அமைத்த ஆரண்யா குடியிருப்பும் அதே வழிதான்.

இக்கிக்கே வீடுகள் இரண்டு புகைப்படங்களாகவே உலகைச் சுற்றின. முதல் படத்தில் சாம்பல் நிறக் கட்டடங்கள், இடையிடையே பல் விழுந்த வாய்போல வெற்றிடங்கள். இரண்டாவதில் அவ்வெற்றிடங்களை நிரப்பிய வண்ண வண்ணச் சுவர்கள், பலகைகள், சன்னல்கள். வடிவமைப்பு மாணவர்களின் பாடத்திலும் கண்காட்சிச் சுவரிலும் இந்த இணை ஒரு நிரூபணமாகவே மாட்டப்படுகிறது. இரு படங்களுக்கும் இடையில் நடந்ததுதான் விஷயம். அதை எந்தப் படமும் காட்டவில்லை. செங்கல், சிமென்ட், பலகை யார் வாங்கினார்கள்? ஞாயிற்றுக்கிழமைகள் யாருடையவை? கொத்தனார் கூலி எந்தச் செலவைக் குறைத்து வந்தது? திட்டக் கணக்கில் 7,500 டாலர் இருக்கிறது. இந்த உழைப்புக்கு அதில் ஒரு வரியும் இல்லை. கணக்கில் ஏறாத செலவு, வீட்டின் மதிப்புக் கூடியதைக் காட்டும்போது மட்டும் வரவாகத் தோன்றுகிறது.

வெற்றிடம் குடும்பத்தின் சுதந்திரம் என்று வாதிடுவோர் உண்டு. எதை, எப்போது, எந்த நிறத்தில் கட்டுவது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது அந்த வாதம். கட்டாமல் இருக்கும் வாய்ப்பு அந்தச் சுதந்திரத்தில் இல்லை. ஐந்து பேர் குடும்பம் 36 சதுர மீட்டரில் எவ்வளவு காலம் தாங்கும்? மானியம் போதாது என்பதே இங்கு முதல் உண்மை. அந்தப் போதாமையை அழகிய வடிவமாக்கியதன் விளைவு, போதாமை குறித்த கேள்வி மறைந்துபோனது. ஏன் 7,500? ஏன் 15,000 இல்லை? பாதி வீடு வெற்றி பெற்றுவிட்டால் முழு வீடு கேட்பவர் பேராசைக்காரராகிவிடுகிறார். 1970களின் இறுதியிலிருந்து சிலி அரசு வீட்டு வசதியைச் சந்தைக்கும் மானியத்துக்கும் விட்டு ஒதுங்கியது. அந்த ஒதுங்கலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் அமைந்திருக்காது.

வெற்றிடத்தை அடைக்கும் வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. பிற்காலக் கள ஆய்வுகள் கண்டபடி, கட்டடங்கள் வெற்றிடத்தோடு நிற்கவில்லை; பொது முற்றத்திலும் வீட்டு முன்பகுதியிலும் நீண்டன. உள்ளறைகளில் காற்றும் வெளிச்சமும் குறைந்தன. குறை குடும்பங்களுடையதன்று. முதல் பாதிக்குப் பொறியாளர் வந்தார். இரண்டாம் பாதியைக் குடும்பங்களே கட்டின. ஆரண்யாவிலும் இதன் இன்னொரு முகம் தெரியும். தோஷி மாதிரிக்குக் கட்டிய 80 வீடுகள்தான் நூல்களில் அச்சாகின்றன. சுமார் 6,500 மனைகளில் மக்கள் தாமே கட்டியவை கேமராவுக்கு அவ்வளவாக அகப்படவில்லை.

2010 நிலநடுக்கத்துக்குப் பின் சிலியின் கான்ஸ்டிடூசியோன் நகரில் அராவ்கோ மர நிறுவனத்துக்காக எலிமென்டல் அமைத்த வில்லா வெர்தே வீடுகள் கூடுதல் தாராளம். முதல் பரப்பு 57 சதுர மீட்டர், விரித்தால் 85. காசு கூடியதும் முதல் பாதி பெரிதானது. பாதியின் அளவைத் தீர்மானித்தது கோட்பாடன்று, பணப்பை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பரிசு பெற்ற ஆண்டில் எலிமென்டல் தன் நான்கு திட்டங்களின் வரைபடங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வெளியிட்டது. கொடை என்று பலர் மெச்சினர். இக்கிக்கேயில் தட்டுப்பாடாக இருந்தது வரைபடம் அன்று. நிலத்துக்கான பணமும் மீதிச் சுவருக்கான கூலியும்தான்.